அரைப்படிக்கென்று அளவெடுத்த வேலை

காலையில் கடையைத் திறந்ததும் அரைப்படி செய்த முதல் காரியம், தன்னுடைய வேலையைத் தட்டிப் பறிக்க வந்திருந்த விண்ணப்பங்களை அச்செடுத்து அடுக்கியதுதான். இயந்திரம் நிற்கிற வழியாக இல்லை. காகிதம் தீர்ந்தது. நிரப்பினாள். மறுபடியும் தீர்ந்தது.

முதலாளி வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இத்தனை பேருக்கா நம்ம கம்பெனியைப் பிடிச்சிருக்கு?"

"நீங்கதானே சார், 'குளிர்சாதனம் ரிப்பேர் பார்க்க ஆள் தேவை, அனுபவம் வேண்டியதில்லை'ன்னு போடச் சொன்னீங்க."

"அனுபவம் கேட்டா யாரும் வர மாட்டாங்களேம்மா."

"யாரும் வரக் கூடாதுன்னுதானே சார் விளம்பரமே போட்டோம்."

விஷயம் இதுதான். அரைப்படி இந்த நாட்டுக்குப் படிக்க வந்தவள். குளிர்பதனப் பொறியியலில் மேற்படிப்பு. படிப்பு முடிந்ததும், சரி, கொஞ்ச காலம் இங்கேயே வேலை பார்த்துக்கொள் என்று அரசாங்கம் பெரிய மனசு பண்ணி ஒரு விசா கொடுத்தது. அந்தப் பெரிய மனசுக்கு ஒரு கடைசித் தேதி உண்டு. அது நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலும் இருக்க வேண்டுமென்றால் ஒரு கம்பெனி முன்வந்து, இவள் இல்லாமல் எங்களுக்கு ஆகாது என்று பொறுப்பேற்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது. அந்த வேலைக்கு ஊரறிய விளம்பரம் கொடுத்து, உள்ளூர்க்காரர் எவரும் தேறவில்லை என்று காட்ட வேண்டும்.

ஆகவே, யாரும் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு கொடுக்கிற விளம்பரம் அது. அதைத்தான் முதலாளி கல்யாணப் பத்திரிகை மாதிரி எல்லோரையும் அழைத்து எழுதியிருந்தார்.

அரைப்படி என்பது முதலாளி வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்த அன்று, "என்னம்மா, அரைப்படி அளவுகூட இல்லையே, ஸ்பேனரே உன்னைவிட உசரமா இருக்கு" என்று சிரித்தார். மறுவாரமே ஒரு மீன் கடையில், குளிர் அறைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் வேறு யாரும் நுழைய முடியாமல் நின்றபோது, அவள் ஒருக்களித்து உள்ளே போய் வால்வை மாற்றிவிட்டு வந்தாள். அதிலிருந்து சிரிப்பு நின்றுவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

கம்பெனி என்றால் ஏதோ பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் ஓர் அலுவலக அறை, பின்னால் பழைய குளிர் அறைகளும் கம்ப்ரஸர்களும் குவிந்து கிடக்கும் பட்டறை, வாசலில் ஒரு வேன். முதலாளி, அவர் மனைவி, அரைப்படி. அவ்வளவுதான் ஜனத்தொகை. முதலாளியின் மனைவி கணக்கு பார்ப்பார். அரைப்படிக்கு அவர் அக்கா. அந்த முறைப்படி முதலாளி அத்தானாகியிருக்க வேண்டும். அவர் முதல் நாளே முந்திக்கொண்டு, தன்னை சார் என்று கூப்பிட்டால் போதும் என்று சொல்லிவிட்டார்.

முதலாளிக்குப் பிரியமான பேச்சு ஒன்று உண்டு. வெறுங்கையோடு இந்த ஊருக்கு வந்து, தனி ஆளாக நின்று இந்தக் கம்பெனியைத் தூக்கி நிறுத்திய கதை. அவர் "தனி ஆளா" என்று சொல்லும்போதெல்லாம் அக்காவின் விரல்கள் கணக்கு இயந்திரத்தில் கொஞ்சம் பலமாக விழும். அக்கா உயரமான நாற்காலியில், கால் தரைக்கு எட்டாததால் ஒரு முக்காலியில் பாதத்தை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேச்சு குறைவு. பேசினால், "ரெண்டாள் வேலையை ஒரு பொண்ணு தலையில கட்டறீங்க" என்று வருஷக்கணக்காக ஒரே புகார்தான். முதலாளிக்கு அது மின்விசிறிச் சத்தம் மாதிரி பழகிப்போயிருந்தது.

அன்றைக்கும் அக்காதான் வழி சொன்னார்.

"குளிர்பதனத்துல பட்டம் வேணும்னு போடு. பாதிக் கூட்டம் கழிஞ்சுடும்."

விளம்பரம் கொடுக்க அரசாங்கத்தின் இணையதளம் ஒன்று இருந்தது. அதில் மேல் பாதி, கம்பெனி விவரம், சம்பளம், முகவரி இத்யாதி, அக்காவின் பொறுப்பு. கீழ்ப் பாதி, வேலைக்கான தகுதிகள், அரைப்படியின் பொறுப்பு. அவள் பட்டத்தைச் சேர்த்தாள். பிறகுதான் தெரிந்தது, தகுதியில் ஒரு சொல்லை மாற்றினாலும் விளம்பரம் மறுபடி முதல் நாளிலிருந்து ஓட வேண்டுமாம். விசா நாள் மட்டும் யாருக்காகவும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டம் என்னவோ கழிந்தது. மிச்சம் இருந்தவர்கள் எல்லோரும் அசல் பொறியாளர்கள். அவர்களுடைய அனுபவத்தை அரைப்படி இரண்டு தடவை படித்தாள். கப்பலுக்கே குளிர் அறை கட்டியவர் ஒருவர் இருந்தார்.

அம்மா அன்று போன் செய்தபோது, விளம்பரம் எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டாள். நிறையப் பேர் போட்டி போடுகிறார்கள் என்று அரைப்படி சொன்னாள். அம்மாவுக்கு அதில் ஒரு சந்தோஷம். மாமா ஓர் ஏசி கம்பெனியில் சொல்லிவைத்திருக்கிறாராம். வாடிக்கையாளர் போன் செய்தால் எடுத்து, குறித்துக்கொண்டு, ஆள் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"கையில அழுக்கே படாதும்மா. பேசாம வந்துடு."

"அழுக்குப் படணும்னுதான்மா நான் இதைப் படிச்சேன். வர மாட்டேன்."

அது வீம்பு இல்லை. ஊரில் படிப்பை முடித்துவிட்டு அவள் ஏறி இறங்கிய கம்பெனிகளில் எல்லாம் பட்டத்தைப் பார்த்துப் பாராட்டினார்கள், பிறகு வரவேற்பு மேசையைக் காட்டினார்கள். பெண் பிள்ளைக்கு ஸ்பேனர் எதற்கு என்றார்கள். இந்தப் பட்டறையில்தான் முதல் தடவையாக ஒருவர், அது கோபக்கார மனிதராகவே இருக்கட்டும், ஸ்பேனரை அவள் கையில் கொடுத்து "போ, கழட்டு" என்றார். அந்த ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனசில்லை. அரசாங்கமே வந்து கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.

"சந்துல நுழையற உடம்பு வேணும்னு போடு," என்றார் அக்கா, அடுத்த நாள். "கப்பல்காரர் போட்டோவைப் பாத்தியா? கதவுலயே நின்னுடுவாரு."

போட்டாள். கப்பல்காரர் விலகினார். பதிலுக்கு ஊரில் உள்ள சிற்றுருவம் படைத்தவர்கள் அத்தனை பேரும், பட்டத்தையெல்லாம் சட்டை செய்யாமல், விண்ணப்பித்தார்கள். பந்தயக் குதிரை ஓட்டுபவர் ஒருவர், தன் எடையை மருத்துவச் சான்றோடு அனுப்பியிருந்தார். இன்னொருவர் துணி அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு எடுத்த படத்தை இணைத்திருந்தார். படத்தில் அலமாரி மட்டும்தான் தெரிந்தது.

அடுத்து, குடிவரவுத் துறையிலிருந்து ஓர் அதிகாரி போனில் பேசினார். உடம்பின் அளவைச் சொல்லி ஆளை ஒதுக்கக் கூடாது என்றார். சந்து அவ்வளவு முக்கியமென்றால் செய்முறைத் தேர்வு வையுங்கள், நுழைகிறவர் நுழையட்டும் என்றார். அதோடு, இந்த விண்ணப்பங்களை அச்செடுத்து அடுக்குவது யார் என்று கேட்டார். அரைப்படி உண்மையைச் சொன்னாள். அந்த வேலை இனி உங்களுக்கு வேண்டாம் என்றார்.

அதிலிருந்து விண்ணப்பங்கள் நேரே அதிகாரியின் அலுவலகத்துக்கே போக ஆரம்பித்தன. யார் போடுகிறார்கள், எத்தனை பேர், ஒன்றும் தெரியவில்லை. முன்பு பயப்படவாவது முகங்கள் இருந்தன. இப்போது அதுவும் போயிற்று.

"தமிழ் தெரியணும்னு போட்டுடலாமா?" என்று அவளே கேட்டாள். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் தமிழ்க் கடைக்காரர்கள்தான், பொய்யும் இல்லை.

அக்கா யோசித்தார். "போடு. எனக்கும் நல்லதாப் படுது. அப்படியே, 'கோபக்கார மேலாளரிடம் நீண்ட நாள் பொறுமையாகப் பணியாற்றிய அனுபவம்'னும் சேத்துக்கோ. அது லேசுல எவனுக்கும் கிடைக்காது."

"யாரு கோபக்காரன்?" என்று உள்ளேயிருந்து முதலாளி கத்தினார். சேர்த்துக்கொள்வதற்கு அதுவே போதுமான சாட்சியாக இருந்தது.

அந்த ஒரு வரிதான் குடியைக் கெடுத்தது. யாரோ அதைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்ப, அவர்கள் தங்கள் நண்பர்களுக்கு அனுப்ப, ஊரில் மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஜனம் மொத்தமும் இது நமக்கான வேலை என்று கிளம்பிவிட்டது. கடை வாசலில் நின்று முதலாளியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பேக்கரிக்காரர் உள்ளே வந்து, "இவரா? எங்காளு இவரைத் தூக்கிச் சாப்பிடுவான்" என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். முதலாளிக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. அன்று முழுக்கக் கத்தாமல் இருந்து காட்ட முயன்றார். மத்தியானத்துக்குள் தொண்டை கட்டிக்கொண்டது.

அதிகாரி மறுபடியும் பேசினார். இந்த விளம்பரத்தைப் படித்தால் வேலைக்கு ஆள் தேடுகிற மாதிரித் தெரியவில்லை, ஒரே ஓர் ஆளைப் பார்த்துப் படம் வரைந்த மாதிரித் தெரிகிறது என்றார். தேர்வுக்கு நானே வருகிறேன், இனி ஓர் எழுத்தைக்கூட மாற்றாதீர்கள் என்றும் சொல்லிவைத்தார்.

போனை வைத்துவிட்டு அரைப்படி அழுதாள். அழுதது பயத்தினால் இல்லை, ஆத்திரத்தினால். தெரிந்த வேலையைச் செய்துகொண்டு ஓர் ஓரமாக இருக்கிறேன் என்று கேட்பதற்கு இத்தனை கோணங்கித்தனம் பண்ண வேண்டியிருக்கிறதே என்று பற்றிக்கொண்டு வந்தது. அக்கா முக்காலியிலிருந்து பாதத்தை எடுத்துக் கீழே குதித்து இறங்கி வந்து, அவள் தோளில் கை வைத்தார். அந்த உள்ளங்கையில் ஒரு பழைய தீக்காயத் தழும்பு இருந்தது. அடுப்படியில் பட்டதாக இருக்கும் என்று அரைப்படி எப்போதோ முடிவு கட்டியிருந்தாள்.

"வர்றவங்க வரட்டும். நீயும் வரிசையில நில்லு," என்றார் அக்கா.

"நிப்பேன்க்கா. எவன் வந்தாலும் சரி, சந்துக்குள்ள பாத்துக்கறேன்."

தேர்வு நாள் வந்தது. அதிகாரி ஒல்லியான, தூக்கக் கண்களுடைய மனிதர். வந்தவர், காப்பி வேண்டாம், நாற்காலி போதும் என்றார். விண்ணப்பங்களை அவரே சலித்து, ஒரு தகுதியாவது பொருந்துகிற சிலரை மட்டும் கடைசி வட்டத்துக்கு அழைத்திருந்தார். பட்டறையில் பழைய குளிர் அறை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்சந்தில் போய், கோளாறான வால்வைக் கண்டுபிடித்துக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். அரைப்படியை முதலில் செய்யச் சொன்னார். அவள் போன சுருக்கில் வால்வோடு வந்தாள். அதிகாரி குறித்துக்கொண்டார். வால்வைத் திரும்ப மாட்டச் சொன்னார்.

பிறகு உள்ளூர்க்காரர்கள். வெள்ளைச் சட்டை போட்ட பொறியாளர் சந்தை எட்டிப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிளம்பினார். குதிரை ஓட்டுபவர் சந்துக்குள் அநாயாசமாக நுழைந்தார். நுழைந்தவர் அங்கிருந்தே, வால்வு என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டார்.

மூன்றாவது ஆளின் விண்ணப்பத்தை அரைப்படி அதிகாரியின் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். அவளைப் போலவே இங்கே படிக்க வந்து, நிரந்தரக் குடியுரிமை வாங்கி உள்ளூர்க்காரர் கணக்கில் சேர்ந்துவிட்ட தமிழ்ப் பையன். அதே பட்டம். ஈர்க்குச்சி உடம்பு. உள்ளே போனான், சரியான வால்வில் ஸ்பேனரை வைத்தான். முடிந்தது கதை என்று அவள் நினைத்தபோது, முதலாளி பழக்க தோஷத்தில் வாயைத் திறந்துவிட்டார்.

"டேய், அப்படியாடா பிடிப்பாங்க? கையா அது, காலா?"

பையன் வெளியே வந்தான். கையைத் துடைத்தான். "இந்தச் சம்பளத்துக்கு இவ்வளவு சத்தம் ஜாஸ்தி சார்," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

தன் கோபத்தால் ஒரு நன்மை விளைந்தது அதுவே முதல் தடவை என்பதால் முதலாளி மார்பை நிமிர்த்திக்கொண்டார். அரைப்படிக்கு மூச்சு வந்தது. அம்மாவுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் கோர்க்கவே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னும் ஒருத்தர் பாக்கி," என்றார் அதிகாரி.

யாரும் வரவில்லை. வாசலில் யாரும் இல்லை. அலுவலக அறையில் முக்காலி நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது. அக்கா பட்டறைக்குள் வந்தார். வளையல்களைக் கழற்றி மேசை மேல் வைத்தார். அரைப்படியின் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கினார். ஒருக்களித்துச் சந்துக்குள் போனார்.

முதலாளிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கத்தினார்.

"ஏய், என்ன பண்றே உள்ளே?"

"கத்தாதீங்க," என்று சந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "வால்வு சத்தம் கேக்கல."

அக்கா வால்வோடு வெளியே வந்து, அதை அதிகாரியின் மேசையில் வளையல்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதிகாரி கேட்க, அக்கா சொன்னார். அதே குளிர்பதனப் படிப்புக்குத்தான் இந்த நாட்டுக்கு வந்தாராம். இதே விசாவில், இதே மாதிரி நாளை எண்ணிக்கொண்டு, ஒரு பனிக்கட்டித் தொழிற்சாலையில் குழாய் பற்றவைத்தாராம். உள்ளங்கைத் தழும்பு அங்கே வாங்கியது. நிரந்தரக் குடியுரிமை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று, கணவரை இங்கே வரவழைத்தது, சேமிப்பைப் போட்டுக் கம்பெனி தொடங்கியது. தொடங்கிய அன்று, நம்பிக்கையான ஆள் கிடைக்கும்வரை ஒரே ஒரு மாதம் கணக்கைப் பார்த்துக்கொள் என்று கணவர் கேட்டாராம்.

"அந்த மாசம் இன்னும் முடியலைங்க," என்றார் அக்கா. "இன்ஜினியர் வேலைக்கு ஆள் தேவைன்னு இந்தக் கம்பெனி விளம்பரம் கொடுத்தது இப்பத்தான். உடனே விண்ணப்பம் போட்டேன்."

"சார், இவ என் சம்சாரம்," என்றார் முதலாளி.

"அது தகுதிக் குறைவா?"

"இல்லை, அது வந்து..."

"இவங்க வேண்டாம்னா, ஏன் தகுதி இல்லைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. சட்டப்படி அவ்வளவுதான்."

பேனாவை நீட்டினார். முதலாளி வாங்கினார். காகிதத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மனைவி வளையல்களை எடுக்காமல், கைகளைக் கட்டிக்கொண்டு, அவர் எழுதப்போவதைப் படிக்க ஆவலோடு நின்றுகொண்டிருந்தார். அந்த மனிதர் எத்தனையோ கடைக்காரர்களைப் பேசியே மடக்கியவர். அந்த ஒரு வரிக்கு அவருக்கு முதல் எழுத்தே கிடைக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"நாளைக்குச் சேரட்டும்," என்றார்.

"இன்னிக்கே சேந்துட்டேன்," என்றார் அக்கா.

அரைப்படிக்கு இப்போது ஒவ்வொன்றாக உறைத்தது. பட்டம் என்று சொன்னது அக்கா. சந்து என்று சொன்னது அக்கா. தமிழ் எனக்கும் நல்லதாகப் படுகிறது என்றது அக்கா. கோபக்காரரோடு நீண்ட நாள் பொறுமை, அதில் அக்காவை அடித்துக்கொள்ள இந்த உலகத்தில் ஆள் கிடையாது. அதிகாரி சொன்ன அந்தப் படத்தில் இருந்த முகம் தன்னுடையது என்று இவள் தானாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

வலித்தது. கண் எரிந்தது. ஆனால் சந்துக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலை நினைத்தால் கோபத்துக்கு நடுவில் கைதட்டவும் தோன்றியது. அக்கா ஏதோ சொல்ல வந்தார். அரைப்படி இடம் கொடுக்கவில்லை.

"நியாயமாப் பாத்தா இது உங்க நாற்காலிதான்க்கா. உட்காருங்க. ஆனா எல்லாரும் ஒண்ணு கேட்டுக்குங்க, நான் ஊருக்குப் போய் போன் எடுக்கப் போறதில்ல. விசா முடியற கடைசி நிமிஷம் வரைக்கும் ஒவ்வொரு கம்பெனியா கதவைத் தட்டுவேன். வால்வு கழட்டத் தெரிஞ்சவளுக்கு ஒரு கதவு கழட்டத் தெரியாதா?"

வேன் சாவியை மேசையில் வைத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பட்டறையை விட்டு வெளியேற ஓர் அடிதான் பாக்கி.

அதிகாரி முத்திரையை வாயருகே வைத்து ஊதிக்கொண்டே, தூக்கக் கண்களை உயர்த்தினார்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க, கணக்கு பாக்கற இந்தம்மா முதல் நாள்லேர்ந்து 'ரெண்டு பேர் தேவை'ன்னுதானே விளம்பரம் கொடுத்துட்டு வர்றாங்க, உள்ளூர்ல ஒருத்தர்தானே தேறியிருக்காங்க?"